உடையார்கட்டில் நின்று இயேசுவைப் பற்றிப் பேசலாமா?

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில் விசுவமடுவைத் தாண்டி, புதுக்குடியிருப்புக்கு முன்னால் வருகிற ஊர் உடையார்கட்டு. குளமும் வயலுமாக இருக்கும், பெரும்பாலும் சைவர்கள் வாழும் வன்னிக் கிராமம். 2009 ஜனவரி மூன்றாம் வாரத்தில் இந்த ஊரையும் சுதந்திரபுரம், வள்ளிபுனம் பகுதிகளையும் சேர்த்துச் சுமார் 35 சதுர கிலோமீற்றர் நிலத்தை அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. இடம்பெயர்ந்த சனம் அதை நம்பி வந்து தறப்பாள் கட்டியது. சில நாட்களுக்குள்ளேயே வலயத்துக்குள் ஷெல் விழுந்தது. உடையார்கட்டில் பாடசாலைக் கட்டடத்தில் இயங்கிய தற்காலிக ஆஸ்பத்திரியும் தப்பவில்லை. இயேசுவை நெருக்கமாக அறிந்து அந்த அறிவில் வளர்வது என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்களே, அதை விளக்க இந்த ஊரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. குளிரூட்டிய மண்டபத்தில் எடுபடுகிற ஆன்மீகப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அதையே உடையார்கட்டில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் முன்னால் இருந்து சொல்ல முடியுமா என்று பார்த்தால் அதன் பெறுமதி தெரிந்துவிடும்.

கிறிஸ்தவரல்லாத வாசகருக்கு இந்தக் கூற்றின் விநோதம் முதலில் பிடிபட வேண்டும். பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26இலிருந்து 36வரை. அந்தக் காலத்தில் எருசலேமில் சிலுவையில் அறைந்து கொல்லப்பட்ட ஒரு தச்சரை இன்றைக்கும் ஆளாக அறியலாம், அவரோடு பழகலாம், அந்தப் பழக்கம் ஆண்டுக்கு ஆண்டு ஆழப்படலாம் என்கிறது கிறிஸ்தவம். திருக்குறளை ஆயுள் முழுக்கக் கற்றவர்கள் நம்மிடையே உண்டு. வள்ளுவரோடு தமக்கு நெருக்கம் கூடிவருகிறது என்று அவர்களில் எவரும் சொல்வதில்லை. கிறிஸ்தவர் இயேசுவைப் பற்றி அப்படித்தான் சொல்கிறார். போதனையை ஏற்பதும் வேதம் படிப்பதும் பூசைக்குப் போவதும் இதற்குள் அடங்கும், ஆனால் இது அவற்றோடு முடிவதில்லை. இதை நம்ப மறுக்க எவருக்கும் உரிமை உண்டு. மறுக்கிறவரும் அவர்கள் சொல்வது இன்னதென்று தெரிந்துகொண்டு மறுப்பது நல்லது.

இந்த அறிவு எப்படி வளர்கிறது என்று கேட்டால் இப்போது அதிகம் காதில் விழும் பதில் ஓர் இரவின் கதை. கூட்டத்துக்குப் போனேன், அழுதேன், இயேசு தொட்டார், அன்றோடு எல்லாம் மாறியது. இந்தச் சாட்சிகளைப் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்மாதிரியாகக் காட்டப்படும் பவுலே வேறு மாதிரிப் பேசுகிறார். தமஸ்குவுக்குப் போகிற வழியில் ஒளி தாக்கி விழுந்து, இயேசுவின் குரலைக் கேட்டவர் அவர். அது நடந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், சிறையிலிருந்து பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதுகிறபோது, கிறிஸ்துவை அறிய வேண்டும் என்பதையே தன் ஆசையாகச் சொல்கிறார். தான் இன்னும் இலக்கை எட்டவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிறார். அந்த அறிவையும் கிறிஸ்துவின் பாடுகளில் பங்குகொள்வதையும் ஒரே மூச்சில் சேர்த்து எழுதுகிறார். பேதுருவின் கதை இன்னும் துலக்கமானது. படகையும் வலையையும் விட்டுவிட்டு வந்து, கூடவே நடந்து, கூடவே சாப்பிட்டு, இவரே மெசியா என்று வாய்விட்டுச் சொன்ன சீடர். இயேசு கைதான இரவில் தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு நின்றபோது ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கே அந்த ஆளைத் தனக்குத் தெரியாது என்று மறுத்துவிட்டார். பயத்தில் சொன்ன பொய்தான். ஆனாலும் அதற்குள் ஓர் உண்மை கிடக்கிறது. கட்டப்பட்டு, அடிவாங்கி, பதில் பேசாமல் நிற்கும் இயேசுவை அதுவரை பேதுருவுக்குத் தெரியவே தெரியாது. வெல்லப்போகிற இயேசுவைத்தான் அவர் அறிந்திருந்தார்.

இதிலிருந்துதான் என் வாதம் தொடங்குகிறது. இயேசுவை அறிவதற்குக் காலம் எடுக்கும்; திரும்பத் திரும்பக் கேட்பதிலும் வேண்டுவதிலும் அது மெல்ல ஊறும். அது வளர்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணீரையோ பரவசத்தையோ வைத்து அளக்க முடியாது. துன்பப்படுகிறவர் பக்கத்தை விட்டு விலகாமல் நிற்க முடிகிறதா என்பதை வைத்தே அளக்கலாம். வடக்கின், குறிப்பாக வன்னியின், கத்தோலிக்க வரலாறு இதற்குக் கைக்கெட்டுகிற சாட்சி.

1658இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் பிடித்தபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டார்கள். கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் கூலியாளைப்போல வேடமிட்டு 1687இல் வந்து சேரும்வரை ஏறக்குறைய 30 ஆண்டுகள் பூசை கிடையாது, பாவசங்கீர்த்தனம் கிடையாது. அவர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார், அதைக் கண்டு முகம் மாறியவர்களை வைத்துக் கத்தோலிக்கரை இனங்கண்டார் என்று சொல்வார்கள். அதே ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போய்க் குடியேறியதாக மடு மாதா திருத்தலத்தின் மரபு சொல்கிறது. (அந்தச் சுரூபம் 2008 ஏப்ரலில் மறுபடியும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. வன்னியில் மாதாவும் அகதிதான்.) சுவாமியும் இல்லாமல் பிரசங்கமும் இல்லாமல் ஒரு தலைமுறை எதைக் கொண்டு இயேசுவை அறிந்தது? செபமாலையை வெறும் மணி எண்ணும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. பத்து மணிகளுக்கு ஒரு தடவை இயேசுவின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியை மனதில் எடுத்துக்கொள்வதே அதன் முறை. மாட்டுத் தொழுவத்துப் பிறப்பு, தோட்டத்தில் இரத்தவியர்வை, கற்றூணில் கட்டிவைத்து அடித்த அடி, உயிர்ப்பு. வாய் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்க மனம் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். எழுத்து வாசனை இல்லாத ஒரு கிழவிகூட ஆயுளில் பல்லாயிரம் தடவை அந்த வாழ்க்கையின் ஊடாக நடந்து வந்திருப்பார். அறிவு ஊறுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

வாஸ் அடிகளைத் தொடர்ந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இதற்கு ஒரு நூல்வடிவம் கொடுத்தார். கோவாக்காரர், தமிழையும் சிங்களத்தையும் இங்கே வந்து கற்று, இரண்டிலும் எழுதிக் குவித்தவர். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ இயேசுவின் பாடுகளை விரித்துச் சொல்வது. தவக்காலத்து மாலைகளில் கோயிலில் பாய் விரித்துச் சனம் இருக்கும். வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் அதற்கென்றே உள்ள இழுப்பான இராகத்தில் வாசிப்பார். கேட்கிறவர்களுக்குக் கதையின் முடிவு தெரியும், அடுத்த வரிகூடத் தெரிந்திருக்கும். இருந்தும் வருடா வருடம் வந்து கேட்பார்கள். தகவலுக்காக ஒருவரும் அங்கே வருவதில்லை. சாவீட்டில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு, தெரிந்த துயரத்தை இன்னொரு தடவை உட்கார்ந்து கேட்பது என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே முதல் ஆட்சேபம் வரும். இதெல்லாம் மனதின் கற்பனைதானே. மனிதர் தமக்கு வேண்டியதை இயேசுவின் வாயில் வைத்துக்கொண்டு, இயேசு சொன்னார் என்கிறார்கள். சைவ வாசகர் வேறு விதமாகவும் கேட்கலாம்: இதைத்தானே நாங்கள் பக்தி என்கிறோம், இதில் புதிதாக என்ன இருக்கிறது? இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் பிறந்து, சைவத்திலிருந்து கிறிஸ்தவரான தந்தையிடம் வளர்ந்து, பின்னாளில் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கி 1927இல் ஒரு நூல் எழுதினார். யோவான் நற்செய்தி பேசும் நெருக்கத்தைத் தமிழருக்குப் புரியவைக்க அடியார்களின் அனுபவம்தான் நல்ல வாசல் என்பது அவருடைய நிலைப்பாடு. அதில் பிழை காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பக்தியின் உருக்கம் மட்டும் போதுமா என்ற கேள்விக்குத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாறே சங்கடமான ஒரு பதில் வைத்திருக்கிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரைவிட (1774–1864) இயேசுவை நெருங்கிக் காதலித்துப் பாடிய தமிழ்ப் புலவர் அரிது. இன்றைக்கும் சபைகளில் அவருடைய கீர்த்தனைகள் பாடப்படுகின்றன. அவரேதான், கோயிலில் சாதிப் பிரிவினையை ஒழிக்க மிசனரிமார் எடுத்த நடவடிக்கையை எதிர்த்து நின்று, சாதி ஆசாரத்துக்கு ஆதரவாக எழுதினார். ஒரே பந்தியில் அமர்வதை ஏற்க முடியாத உருக்கம் அது. அவரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை, யாழ்ப்பாணத்துக் கோயில்களும் இந்த விஷயத்தில் நெடுங்காலம் வெட்கப்படும்படிதான் இருந்தன. உள்ளம் கசிந்ததா என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் எதை விட்டுவிடுவோம் என்பதற்கு இது சான்று.

கற்பனை என்ற ஆட்சேபத்துக்கும் இதற்குள்ளேயே பதில் இருக்கிறது. ஆம், கற்பனை கலக்கும். புனித இஞ்ஞாசியாரின் ஞான ஒடுக்க முறை கற்பனையைத் தெரிந்தே பயன்படுத்துகிறது; நற்செய்திக் காட்சிக்குள் நுழை, இடத்தைப் பார், பேச்சைக் கேள் என்கிறது. 30 நாள் நீளும் அந்தப் பயிற்சியில் கேட்கச் சொல்லும் வரங்களில் ஒன்று, ஆண்டவரை உள்ளூர அறிந்து, இன்னும் நேசித்து, இன்னும் பின்செல்வது. பின்செல்வதில் முடியாவிட்டால் அறிந்ததாகக் கணக்கில்லை. கற்பனைக்குக் கடிவாளமும் உண்டு. நான்கு நற்செய்திகளும் வரைந்து வைத்திருக்கும் இயேசு நம் விருப்பத்துக்கு வளைகிறவர் அல்லர். வரி தண்டுகிறவர்களோடு சாப்பிடுகிறார், தொழுநோயாளியைத் தொடுகிறார், பகைவரை நேசிக்கச் சொல்கிறார், பணக்காரனை வெறுங்கையோடு வரச் சொல்கிறார். எனக்குள் கேட்கிற ‘இயேசுவின் குரல்’ எப்போதும் என் சாதிக்கும் என் கட்சிக்கும் என் சட்டைப்பைக்கும் சாதகமாகவே பேசுமென்றால், அது யாருடைய குரல் என்று சந்தேகப்பட வேண்டும். 1928இல் தோமஸ் அடிகள் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைதாசர் சபையை நெல்லிரசத்தால் அறிந்தவர்களே அதிகம்; உண்மையில் அது மௌனத்துக்கும் இடைவிடாத செபத்துக்குமாகத் தொடங்கிய துறவு மடம். அந்த மாதிரி நீண்ட மௌனத்தில்தான் இரண்டு குரலையும் பிரித்தறியும் பழக்கம் வரும் என்பது துறவிகளின் அனுபவம். குடும்பஸ்தருக்கு அது முழுதாக வாய்க்காது. நாளுக்குக் கால் மணி நேரம் வாய்க்கும்.

இனி 2009. அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மனித உரிமைப் பணியில் ஈடுபட்டிருந்த அருட்தந்தை கருணாரத்தினம் அடிகள் வன்னியில் கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். போர் நெருங்க நெருங்க வெளியேற வாய்ப்பிருந்த குருமாரும் கன்னியரும் பலர் சனத்தோடு தங்கினார்கள். உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று சனம் ஒதுங்கிய இடமெல்லாம் அவர்களும் ஒதுங்கினார்கள். சேலையைத் தைத்து மண் நிரப்பி அடுக்கிய பங்கருக்குள்தான் எல்லாரையும்போல அவர்களுக்கும் இருப்பு. வலைஞர்மடத்துத் தேவாலயம் கட்டாய ஆட்சேர்ப்புக்குத் தப்பிய இளையோருக்கு ஒளிப்பிடமானது. புலிகள் அங்கிருந்தும் பிள்ளைகளை இழுத்துப்போனார்கள், ஏப்ரலில் அதன்மேல் ஷெல்லும் விழுந்தது. கிளிநொச்சியில் பணியாற்றிய அருட்தந்தை சரத்ஜீவன் கடைசிவரை சனத்தோடு இருந்து, மே 18இல் வெளியேறி வருகையில் களைத்து மாரடைப்பால் இறந்தார். யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அதே நாளில் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு காணப்பட்டார். அதன்பின் அவரைப் பற்றித் தகவலே இல்லை. இவர்களுடைய அரசியல் நிலைப்பாடுகளைப் பற்றி வாசகர் எந்த அபிப்பிராயமும் வைத்திருக்கலாம். பேதுரு முற்றத்தில் விட்டுவிட்டு ஓடிய இடத்தில் இவர்கள் நின்றார்கள். அந்த நிற்றல் ஒருநாள் வீரத்தில் வந்ததென்று நினைக்க முடியவில்லை. எத்தனையோ தவக்காலங்களில் கேட்டது அதற்குள் இருந்திருக்க வேண்டும்.

இது துன்பத்தைப் புனிதமாக்கும் பேச்சு, ஷெல் அடித்தவனுக்கும் பிள்ளை பிடித்தவனுக்கும் வசதியான பேச்சு என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான கோபம். போரோடு விசுவாசத்தையே விட்டுவிட்டவர்கள் வன்னியில் உண்டு, அவர்களைக் குறைசொல்லும் தகுதி வெளியில் இருந்தவர்களுக்கு இல்லை. துன்பம் தானாக யாருக்கும் இயேசுவைக் காட்டிக்கொடுக்காது. சிலுவையில் அறைந்தவர்களை நற்செய்தி உபகாரிகளாகவும் காட்டவில்லை. எரேமியா தீர்க்கதரிசி யோசியா அரசனைப் பற்றிச் சொல்லுமிடத்தில், ஏழைக்கும் எளியவனுக்கும் நீதி வழங்கியதுதானே கடவுளை அறிந்ததன் அர்த்தம் என்ற பொருளில் கேட்கிறார். அப்படியானால் இந்த அறிவுக்குள் கணக்குக் கேட்பதும் சேரும். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கச்சேரிப் புள்ளிவிபரத்தையே கொண்டுவந்து வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஓர் ஆயரின் வாயில் கழித்தல் கணக்கு. என் கண்ணுக்கு அது மறையுரைதான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. உடையார்கட்டில் இருந்தது போன்ற தற்காலிக ஆஸ்பத்திரிகளில் அரச வைத்தியர்களும் தாதியரும் தொண்டர்களும் சாகத் துணிந்து வேலைசெய்தார்கள், பெரும்பாலும் சைவர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் உட்கார்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் இயேசுவை அறிந்ததனால் உட்காரவில்லை. அப்படியென்றால் இயேசு எதற்கு? இதற்கு மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. கடைசித் தீர்ப்பில் வலப்பக்கம் நிற்பவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். பசித்தவனுக்குக் கொடுத்தபோது அது தீர்ப்பிடும் அரசரான இயேசுவுக்கே கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நன்மை செய்வதில் கிறிஸ்தவருக்குக் குத்தகை கிடையாது என்று இயேசுவே சொல்லிவிட்டார். தாய்மாரை ஞானஸ்நானம் கொடுக்காமலே கிறிஸ்தவராக்கிக் கொள்வதும் அநாகரிகம். கிறிஸ்தவருக்குக் கிடைப்பது முகவரி மட்டும்: தான் தேடுகிறவர் இன்ன இடத்தில் இருப்பார் என்ற தகவல். முகவரி தெரிந்தும் போகாமல் இருப்பவரைவிட, தெரியாமலே அங்கே போய்ச் சேர்ந்தவர் மேல்.

போருக்குப் பின் வன்னியில் புதிய செபக் கூடங்கள் நிறையத் தோன்றியிருக்கின்றன. இவற்றைப் பற்றி மதமாற்றம் என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது சோம்பல். விதவையின் வீட்டுக்கு யாரும் போகாத நாட்களில் இவர்களில் சிலர் போயிருக்கிறார்கள். என் முறைப்பாடு வேறு. விசுவாசித்தால் கஷ்டம் தீரும், கடன் தீரும், நோய் தீரும் என்று வாக்குக் கொடுப்பவர்கள், 2009இல் தறப்பாளுக்குள் முழங்காலில் இருந்தபடியே செத்துப்போனவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? அவர்களுக்கு விசுவாசம் காணாது என்றா? வெல்லும் இயேசுவை மட்டும் அறிந்த பேதுருவின் அறிவு அது. முற்றத்து நெருப்பருகே அது தாங்கவில்லை.

கிறிஸ்தவர்கள் பூசையில் அப்பம் பிட்டுப் பகிர்வதை மற்றவர்களுக்கு விளக்கச் சிரமப்படுவார்கள். வன்னியில் அந்தச் சிரமம் இல்லை. போரின் கடைசி நாட்களின் நினைவாக ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடிப்பவருக்கு, உண்பதால் நினைவுகூர்வது என்னவென்று தெரியும். சிரட்டையில் வாங்கிக் குடிக்கிற அந்த உப்புக் கஞ்சி ருசிக்காக அல்ல. லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் எம்மாவுக்கு நடந்த இரண்டு சீடரும் வழி முழுக்க வேதவிளக்கம் கேட்டார்கள். மனம் சூடேறியது, ஆனாலும் கூட வந்தவர் இயேசு என்று தெரியவில்லை. இருட்டுகிறதே, எங்களோடு தங்கும் என்று முன்பின் தெரியாத அந்த வழிப்போக்கரை வற்புறுத்தி வீட்டுக்குள் கூப்பிட்ட பிறகு, அப்பம் பிட்ட கையைக் கண்டுதான் தெரிந்துகொண்டார்கள். வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தால் நல்ல பிரசங்கம் கேட்ட திருப்தியோடு படுத்திருப்பார்கள்.

இதை வாசித்து இயேசுவைப் பற்றி அறிய விரும்புகிறவர் மாற்கு நற்செய்தியில் தொடங்கலாம். 16 அதிகாரம்தான், ஒரே இருப்பில் வாசித்து முடிக்கக்கூடியது. உரைநூல் எதுவும் முதலில் வேண்டாம். பங்குகளில் இருப்பவர்களிடம் கேட்பது வேறு. வியாகுலப் பிரசங்கத்தை முறையாக வாசிக்கத் தெரிந்த மூத்தவர் உங்கள் ஊரில் யாராவது மிஞ்சியிருந்தால், வருகிற தவக்காலத்திலேயே நாலு பிள்ளைகளை அவருக்குப் பக்கத்தில் இருத்தி வாசிக்கப் பழக்குங்கள். புத்தகத்தை மறுபடி அச்சடிக்கலாம். இராகம் அச்சில் இல்லை.